சகோதரர் உண்டு, சம்பந்தி இல்லை

கிறிஸ்தவ சபையைக் ‘குடும்பம்’ என்று அழைக்காத பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. இதை வெறும் உருவகம்னு தள்ளிவிடவும் முடியாது. வைகை பிறக்கிற வருசநாட்டு மலையடிவாரத்தில் காடு திருத்திப் பிழைக்க வந்தவர்கள் பல ஊர்க்காரர்கள். வந்தவனுக்கு நிலம் கிடைக்கலாம், பங்காளி கிடைக்க மாட்டான். பிரசவத்துக்குத் துணை, சாவுக்கு நாலு தோள், அவசரத்துக்கு ஒரு படி அரிசி என்பதெல்லாம் உறவு செய்கிற வேலைகள். ஒரு ஜெபவீடு இந்த வேலைகளை எடுத்துக்கொள்ளும்போது ‘அண்ணே’, ‘அக்கா’ என்கிற விளி அங்கே உயிர் பெறுகிறது. புருசன் விட்டுப்போனவளுக்கும் ஊர் ஒதுக்கிவைத்த வீட்டுக்கும் அதுதான் சொந்தம். அதைக் கேலி பேச எனக்கு மனசில்லை. ஆனால் இது எந்த மாதிரிக் குடும்பம் என்று கேட்டாக வேண்டும்.

தமிழ் உறவுமுறை இரண்டு பாதிகளால் ஆனது. ஒன்று பங்காளி வகை, இன்னொன்று மாமன் மச்சான் வகை. முதல் வகையோடு கூடி உண்ணலாம், கூடி அழலாம், பெண் கொடுக்க முடியாது. சபை எல்லாரையும் ‘சகோதரர்’ ஆக்கியது. அதாவது எல்லாரையும் பங்காளி ஆக்கியது. மச்சான் முறையை, கொள்வினை கொடுப்பினையை, சாதியின் கையிலேயே விட்டுவைத்தது. சகோதரத்துவம் என்கிற சொல்லாடல் சாதியோடு இவ்வளவு சுலபமாகக் குடித்தனம் நடத்த முடிந்ததற்கு இந்த வேலைப்பிரிவினை ஒரு முக்கியக் காரணம் என்பது என் வாதம்.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதற்கு முன்பே, இருக்கையிலும் நற்கருணைக் கிண்ணத்திலும் சாதி வேறுபாட்டை எடுக்கச் சொன்ன மிஷனரிகளைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்து எழுதியிருந்தார். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு இந்தப் பக்கத்தில் பெரியகுளம் ஒரு நிலையம். அந்த மிஷன் 1847இல் சாதியை விடாதவர்களைச் சபையிலிருந்து விலக்கியது, உபதேசியார்கள் உட்பட. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, யார் சமைத்தாலும் சாப்பிடுவதை அளவுகோலாக வைத்தது. இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் அவர்கள் சோதித்தது பந்தியை. கல்யாணப் பந்தல் வரைக்கும் அந்தச் சோதனை போகவில்லை.

கத்தோலிக்கப் பக்கம் கதை வேறு மாதிரி. கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி என்று ஊர்ப்பெயரிலேயே பேதுரு இருக்கிறார். ஞானஸ்நானம் அங்கே ஞானத்தகப்பனையும் ஞானத்தாயையும் தருகிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஞானப்பெற்றோருக்கும் ஞானப்பிள்ளைக்கும் இடையே திருமணத்தைத் தடுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அந்தத் தடை போனது. தண்ணீரால் வந்த உறவையும் ரத்த உறவுபோல மதிக்கத் தெரிந்த நிறுவனம் அது. அந்தத் திருச்சபையின் ஊரான எறையூரில், தலித் கத்தோலிக்கரின் சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதே சண்டையானது. 2008 மார்ச் 9 அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மேய்ப்பன், ஒரே மந்தை. தெரு மட்டும் ரெண்டு.

இந்தச் சிக்கலை உள்ளேயிருந்து தொட்டவர் ‘பறட்டை’ என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்த அவர், ‘ஒரு உலை’ என்பதைத் தன் இறையியலின் மையமாக வைத்தார். குடும்பம் என்றால் ஒரே உலையில் பொங்கித் தின்பவர்கள். மிஷனரிகளின் பந்தியில் யாரோ சமைத்ததை எல்லாரும் தின்றார்கள். உலை என்றதும் யார் அரிசி, யார் விறகு, யார் கை என்கிற கேள்வியெல்லாம் வந்துவிடுகிறது. நற்கருணை பீடத்திலிருந்து இறங்கி அடுக்களைக்குப் போகிறது. பெரிய நகர்வு இது.

இருந்தாலும் உலையோடு நின்றுவிட முடியாது. கூடி உண்பது சாதியைக் கொல்லப் போதாது, கலப்பு மணமே மருந்து என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். இங்கே சுயமரியாதை இயக்கம் கைவைத்ததும் கல்யாணத்தில்தான். மதம் மாறிய தலித்துக்கு அரசும் கதவைச் சாத்தியது. 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணை கிறிஸ்தவர்களை இன்றுவரை வெளியில் வைத்திருக்கிறது. கிறிஸ்தவரானால் சாதி போய்விடும் என்பது சட்டத்தின் கற்பனை. சம்பந்தம் பேசும்போது எந்தச் சபையும் அந்தக் கற்பனையை நம்புவதில்லை.

கோயிலில் மூன்று வாரம் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். தடை இருந்தால் சொல்லலாம் என்கிறார்கள். யாரும் எழுந்திருப்பதில்லை, ஏனென்றால் தடைகளையெல்லாம் வீட்டிலேயே சாதி பார்த்து முடித்திருக்கும். சபை குடும்பமா இல்லையா என்பதற்கு அந்த ஓலைகளைவிட நல்ல ஆவணம் கிடையாது. நம் ஆய்வாளர்கள் பிரசங்கங்களை விட்டுவிட்டுத் திருமணப் பதிவேடுகளைப் புரட்டட்டும். சபையாரும் புரட்டட்டும்.