கல்லுக்குள் ஒளிந்த பகை

கான்கிரீட்டுக் கட்டடம் ஒன்றைக் காணும்போது, உள்ளே மறைந்து நின்று பாரம் தாங்கும் எஃகுக் கம்பியை நாம் நினைப்பதில்லை. அந்தக் கம்பியின் வரலாற்றையும், அதற்கு மாற்றாக மனிதன் தேடிய பொருளின் வரலாற்றையும் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

பிரெஞ்சு நாட்டில் ஜோசப் மோனியே என்னும் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். சிமெண்டுப் பூந்தொட்டிகளுக்குள் இரும்பு வலையைப் பதித்து வலுவூட்டும் முறைக்கு அவர் 1867-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பூந்தொட்டியில் கண்ட அந்த இணைப்பு, பின்னர் பாலங்களுக்கும் மாளிகைகளுக்கும் பரவியது. கான்கிரீட்டு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அக்குறையை எஃகு நிறைவு செய்தது. வெப்பத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவன. மேலும், கான்கிரீட்டின் காரத்தன்மை எஃகின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றையும் உண்டாக்குகிறது. இதனினும் பொருத்தமான இணை வேறு உண்டோ?

ஆயினும் இந்த இணைக்கு உப்பு ஒரு பகை. கடற்காற்றிலும், குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலைகளில் தூவும் உப்பிலும் உள்ள குளோரைடு, நுண்துளைகளின் வழியே ஊடுருவிக் காப்புப் படலத்தைக் குலைக்கிறது. துருவானது, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கான்கிரீட்டு உள்ளிருந்தே பிளக்கிறது.

இதன் கொடுமையை இத்தாலியின் ஜெனோவா நகரம் கண்டது. அங்கே 1967-இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலம், 2018 ஆகஸ்டு 14 அன்று இடிந்து வீழ்ந்தது. 43 பேர் உயிரிழந்தனர். கான்கிரீட்டு உறைக்குள் இருந்த எஃகு வடங்கள் அரிக்கப்பட்டிருந்ததை வல்லுநர்கள் பின்னர்க் கண்டறிந்தனர். புறத்தே உறுதியாய்த் தோன்றியது அகத்தே தேய்ந்திருந்தது.

துருவினால் வரும் கேட்டை அறிஞர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். மெல்லிய இழைகளைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தால், துருவே பிடிக்காத கம்பி கிடைக்கும் அன்றோ? ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் 1986-இல் கண்ணாடி இழை வடங்களைக் கொண்டு உலென்பெர்க் தெருப் பாலம் அமைந்தது. ஜப்பானின் இஷிகாவா மாநிலக் கடற்கரையில், உப்புக் காற்றால் சிதைந்த ஒரு சிறு பாலத்துக்குப் பதிலாக, 1988-இல் கரி இழை வடங்களைக் கொண்ட ஷின்மியா பாலம் எழுந்தது.

எனினும் புதிய பொருளைக் குறையற்றது என்று கொண்டாட நான் முன்வரமாட்டேன். கண்ணாடி இழைக் கம்பியின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழக் கால் பங்குதான். ஆனால் அதன் விறைப்பும் ஏறத்தாழ அவ்வளவே. எஃகு முறியுமுன் நீண்டு வளைந்து எச்சரிக்கும்; இழைக் கம்பியோ திடீரென முறியும். இறுகிய பிறகு அதனை வேலைத்தளத்தில் வளைக்க இயலாது. கடுந்தீயில் பிசின் வலுவிழக்கும். எஃகைக் காக்கும் அதே காரத்தன்மை கண்ணாடியைத் தாக்கும். பிசினே அதற்குக் கவசம்.

ஆகவே, எஃகுக்காக வகுத்த கணக்கை இழைக் கம்பிக்கு அப்படியே பொருத்தலாகாது. புதிய கம்பிக்குப் புதிய கணக்கு வேண்டும். மாணவர்களே, நாளை நீங்கள் பாலம் கட்டும் பொறியாளர்களாகலாம். எந்தப் பொருளைத் தேர்ந்தாலும், அதன் வலிமையோடு அதன் பகையையும் அறிந்துகொள்ளுங்கள். பாலத்தின்மேல் செல்வோர் கம்பியைக் காண்பதில்லை. கட்டியவரின் அறிவை நம்பியே செல்கின்றனர்.