யந்திரமும் பிரக்ஞையும்: நிறுவல் கலையின் ஒரு சரித்திர நோக்கு

ஓவியமும் சிற்பமும் கண்ணெதிரே ஒரு பொருளை நிறுத்தி அதை ரசிக்க நம்மை அழைக்க, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் வளர்ந்த நிறுவல் கலையோ, பார்வையாளரை ஓர் அறைக்குள் பிரவேசிக்கச் செய்து அவருடைய காட்சியையும் பிரக்ஞையையுமே கலைக்குரிய விஷயமாக்கிற்று. இம்மாறுதல் மின்சாதனங்களின் பெருக்கத்தால் தானாக விளைந்ததெனக் கருதுவோர் உண்டு. ஆனால், யந்திரம் எந்த அளவுக்குக் காட்சிக்கு இடையூறு செய்ததோ அந்த அளவுக்கே அது இக்கலைக்கு உபகாரமாயிற்று என்பதே சரித்திரத்தை நிதானித்து நோக்குவோருக்குப் புலனாவது.

மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த விவரத்தை ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1929-இல் வெளியிட்டார். வைத்தியர்களுக்கென்று பிறந்த அக்கருவி, 1965-இல் ஆல்வின் லூசியர் என்ற இசையமைப்பாளரின் முயற்சியால் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் மேடையேறிற்று. தலையில் மின்வாய்களைப் பொருத்திக்கொண்டு, கண்மூடி, அசையாது அவர் அமர்ந்திருக்க, விநாடிக்கு ஏறக்குறைய 10 முறை எழும் ஆல்ஃபா அலைகள் பெருக்கப்பெற்று, ஒலிபெருக்கிகளின் வழியே தாளவாத்தியங்களை அதிரச் செய்தன. கண் திறந்து காட்சியில் மனம் சென்றால் அவ்வலை ஒடுங்கிவிடுமாதலால், சும்மா இருந்தால்தான் கச்சேரி நடக்கும் என்ற வேடிக்கையான நிலைமை!

லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலைக்கூடத்தின் கலை–தொழில்நுட்பத் திட்டத்தில், ராபர்ட் இர்வினும் ஜேம்ஸ் டரலும் சந்திரனில் மனிதன் இயங்கும் விதத்தை ஆராய்ந்துவந்த எட் வொர்ட்ஸ் என்னும் உளவியலாளருடன் 1968–69-இல் கூடி உழைத்தனர். எதிரொலியே எழாத அறையில் இருளில் அமர்ந்தும், எல்லையற்ற ஒளிப்பரப்பை நோக்கியும், புலன்களுக்கு விஷயம் அற்றுப்போகும்போது நிகழ்வதை அவர்கள் பரிசோதித்தார்கள். காட்சிக்கு வைக்கத்தக்க பொருள் எதுவும் அந்த உழைப்பில் விளையவில்லை. எனினும், டரலின் பிற்கால ஒளியறைகளை அதனின்று பிரித்து விளங்கிக்கொள்ள இயலாது.

1970-இல் புரூஸ் நௌமன் அமைத்த வீடியோ நடைபாதை, செலவில் எளியது. சுமார் அரை மீட்டரே அகலமுள்ள ஒரு சந்து. அதன் கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள். நுழைவாயிலில், உயரத்தில் ஒரு காமிரா. ஒரு பெட்டி, முன்னரே பதிவான வெறும் சந்தையே ஓயாது காட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்றில் நம் முதுகு தெரியும். நம் பிம்பத்தைக் கிட்டத்தில் காணும் ஆவலுடன் அடியெடுத்து வைக்க வைக்க, காமிராவை விட்டு நாம் விலகுவதால், அது சிறுத்துக்கொண்டே போகும். உடல் அறிவதும் கண் அறிவதும் ஒன்றையொன்று மறுக்கும் அந்தச் சங்கடத்தில், ‘நான்’ என்று ஐயமின்றிச் சொல்லிவந்தது இரண்டாகப் பிளவுபடுவதை உணராதார் அரியர்.

டான் கிரகாம் 1974-இல் அதே பிளவைக் காலத்தில் நிகழ்த்தினார். அவருடைய அறையில் நிலைக்கண்ணாடி நிகழ்காலத்தைக் காட்ட, திரையோ 8 விநாடிக்கு முந்தைய நம்மைக் காட்டும். அத்திரையின் பிரதிபிம்பத்தையும் காமிரா பதிவுசெய்வதால், 16 விநாடிக்கு முந்தைய நாம், 24 விநாடிக்கு முந்தைய நாம் எனக் கடந்துபோன உருவங்கள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கடுக்காய்த் தொடரும்.

கணினி வந்தபின் நேர்ந்தவை பெரும்பாலும் ஆடம்பரம். விலக்கு என்று சொல்லத்தக்கது கனடா நாட்டு ஓவியர் சார் டேவிஸ் 1995-இல் மாண்ட்ரியலில் காட்சிக்கு வைத்த ‘ஆஸ்மோஸ்’. தலையணித் திரையையும், மார்பின் விரிவை அளக்கும் அங்கியையும் தரித்தவர், கைகளுக்கு வேலையின்றி, மூச்சை இழுத்தால் கணினி தீட்டிய வனத்தில் மேலெழும்பி, மூச்சை விட்டால் கீழிறங்குவார். முக்குளிப்பில் டேவிஸுக்கு இருந்த பயிற்சியின் பயன் இது. விரைவை விரும்பும் யந்திரத்தை மூச்சின் கதிக்குக் கட்டுப்படுத்தியது அரிய சாதனையே. ஆயினும், அங்கே பிரக்ஞை தன்னை மறந்து இன்புறுகிறது. நௌமனின் சந்திலோ, அது தன்னையே எதிர்ப்பட்டுத் திகைக்கிறது. இவ்விரண்டில் பின்னதையே நான் உயர்ந்ததாக மதிக்கிறேன்.