குழந்தையின் தலையில் தண்ணீர்: சூரிச், 1525

"சின்ன வயசில எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, திரும்ப எடுக்க வேணும்." எங்கட ஊர்ப் புதிய சபைகளுக்குப் போகத் தொடங்கும் பலர் கேட்கிற பேச்சு இது. வீட்டில் சண்டையும் வரும். இரண்டு பக்கமும் ஒரே வேதாகமத்தைத்தான் திறக்கும். இதே கேள்விக்காக ஏறத்தாழ 500 வருடங்களுக்கு முதல் சுவிஸ் நகரமான சூரிச்சில் ஓர் இளைஞரை ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள்.

முதலில், வேதாகமத்தில் என்னதான் இருக்கிறது? கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக ஓரிடத்திலும் இல்லை. கொடுக்கக் கூடாது என்றும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அந்த வீடுகளில் பால்குடிப் பிள்ளை இருந்ததா? எழுதியவர் சொல்லவில்லை. இயேசு பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த இடத்தில் தண்ணீரே இல்லை.

பிந்திய காலமும் ஒரே குரலில் பேசவில்லை. 200ஆம் ஆண்டளவில் கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன், பிள்ளைகள் வளரட்டும், பொறுங்கள் என்றார். அப்படியென்றால் அப்பவே சிலர் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். குழந்தை ஞானஸ்நானத்துக்குப் பெரிய ஆதரவாளரான அகுஸ்தீன், கிறிஸ்தவத் தாய்க்குப் பிறந்தும் ஞானஸ்நானம் பெற்றது 387இல், முப்பது தாண்டிய பிறகு!

இனி சூரிச். அங்கே சீர்திருத்தத்தை நடத்திய சுவிங்லி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு கொடுப்பதே நல்லது என்று ஒருகாலம் தானும் நினைத்ததாகப் பின்னர் எழுதினார். அவருடைய மாணவர்கள் போல இருந்த கொன்ராட் கிரேபெலும் பெலிக்ஸ் மான்ஸும் அந்த எண்ணத்தைக் கடைசிவரை கொண்டுபோனார்கள். 1525 ஜனவரியில் நகரசபை விவாதம் வைத்தது. முடிவு அவர்களுக்கு எதிராக வந்தது. பிள்ளைக்கு எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுக்காதவர் ஊரைவிட்டுப் போகவேண்டும். கிரேபெலுக்கு அப்போதுதான் ஒரு மகள் பிறந்திருந்தாள்.

ஜனவரி 21 இரவு மான்ஸின் வீட்டில் கூடினார்கள். கிரேபெல், ஜோர்ஜ் பிளாவ்ரோக் என்பவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிறகு பிளாவ்ரோக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். எதிராளிகள் இதை 'மறு ஞானஸ்நானம்' என்றார்கள். இவர்களுக்கோ இதுதான் முதலாவது.

சுவிங்லியின் வாதத்தை லேசாகத் தள்ளிவிடேலாது. இஸ்ரவேலில் எட்டாம் நாள் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்தார்கள். விசுவாசித்துக் கேட்டா அந்தக் குழந்தை வந்தது? கடவுளின் உடன்படிக்கை பிள்ளைகளுக்கும் உரியது, அதன் புதிய அடையாளம் ஞானஸ்நானம் என்றார் அவர். கொலோசெயர் 2ஆம் அதிகாரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது, உண்மை. ஆனாலும் முதலில் கேட்டல், நம்புதல், பிறகு தண்ணீர் என்ற வரிசைதான் நடபடிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வேதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மான்ஸின் பக்கம்தான் பலம் கூட என்று எங்களுக்குப் படுகிறது.

ஆனால் நகரசபை பயந்தது வசனத்துக்கு இல்லை. சூரிச்சில் பிறக்கிற எல்லாரும் திருச்சபையின் ஆட்கள், நகரத்தின் ஆட்கள், இரண்டும் ஒன்று. விரும்பினவர் மட்டும் சேரலாம் என்றால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். 1526இல் மறு ஞானஸ்நானம் கொடுப்பவருக்கு நீரில் அமிழ்த்தி மரணம் என்று சட்டம் வந்தது. 1527 ஜனவரி 5இல் மான்ஸைக் கைகால் கட்டி லிம்மாத் ஆற்றில் இறக்கினார்கள். தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை. கத்தோலிக்கர் இல்லை, சீர்திருத்தக்காரரே செய்த வேலை இது.

அந்த உடன்படிக்கை வாதம் 1658இல் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையோடு யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. இங்கே ஞானஸ்நானத்தைப் பள்ளித் தோம்பில் பதிந்தார்கள். கலியாணத்துக்கும் முதுசத்துக்கும் அந்தப் பதிவு தேவைப்பட்டது. ஆகவே வீட்டில் சைவமாகவே இருந்த பலரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்கள்.