பிலடெல்பியா குரோமோசோமும் சென்னை வழக்கும்

மனிதனின் உடல் செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இந்த எண் 1956-இல்தான் உறுதியானது. அதுவரை 48 என்றே பாடநூல்களில் இருந்தது. பிரிந்துகொண்டிருக்கும் செல்லைக் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் நடுவில் நிறுத்தி, உப்புச்செறிவு குறைந்த கரைசலில் உப்ப வைத்தால் குரோமோசோம்கள் விலகித் தெரியும். இம்முறையில்தான் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் சரியாக எண்ணினர்.

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும், நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் வெள்ளை அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டனர். ஒரு புற்றுநோயுடன் மாறாமல் சேர்ந்து வரும் குரோமோசோம் கோளாறு கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. அதற்கு அந்நகரின் பெயரே நிலைத்தது.

குறைந்த துண்டு எங்கே போனது? குரோமோசோம்களில் பட்டைகள் தெரியும்படி சாயமேற்றும் முறை வந்தபின், 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி விடை கண்டார். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தன. இதனால் இரு மரபணுக்கள் இணைந்து ஓய்வே இல்லாத ஒரு நொதியை உண்டாக்குகின்றன, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன என்பது பின்னர் தெளிவானது. அந்த நொதியைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

மருந்து வந்தது, ஆனால் விலை எட்டவில்லை. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு இந்தியாவில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை, சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துவிட்டது.

நோயாளிக்கு இந்த மாத்திரை ஏற்றதா என்பதை இன்றும் குரோமோசோம் அல்லது மரபணுச் சோதனைதான் சொல்கிறது. ஆனால் செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரில் கூலி வேலை செய்பவருக்குச் சோதனை முடிவு மட்டும் போதாது. அந்த முடிவு காட்டும் மருந்தை வாங்க முடிந்தால்தான் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கண்டுபிடிப்பு அவர் உயிரைக் காக்கும்.