கடற்கரை கிதாரும் மணலிப் பிடிலும்

நவரைக்கு நாற்று விட்டாச்சு. நடவுக்கு இன்னும் நாள் இருக்கு. அதனால இந்த வாரம் உரம், நெல் விலை எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு பாட்டைப் பத்தி எழுதறேன்.

சனி, ஞாயிறு ஆனா கோவளத்துல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் கடற்கரையில கிதார் சத்தம் கேட்குது. முன்பின் தெரியாத நாலு பேர் வட்டமா உட்கார்றாங்க. ஒருத்தர் கிதார் வாசிப்பார், ஒருத்தர் மரப்பெட்டி மேலயே உட்கார்ந்து அதைத் தட்டுவார், ஒருத்தர் தான் கட்டின பாட்டைப் பாடுவார். மத்தவங்க அப்பவே கேட்டு அப்பவே கூட சேர்ந்துக்குவாங்க. ஜாமிங்னு பேர் சொல்றாங்க. அந்தக் கூட்டத்துல இருக்கிற ஒரு தம்பி என்கிட்ட கேட்டார்: "அண்ணே, நான் சொந்தமா போட்ட மெட்டை இப்படி எல்லார் முன்னாடியும் பாடினா எவனாவது எடுத்துக்க மாட்டானா?" நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த வரலாற்றை வைத்து இங்கே பதில் எழுதுகிறேன்.

புது ஆட்களோடு பாட்டைப் பகிர்வது நம்ம கரைக்குப் புதுசு இல்லை. சிறுபாணாற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று. 269 அடி. அதைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு வேற எங்கயும் இல்லை, நம்ம செய்யூர் தாலுகாவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற பேரூராட்சிதான். பரிசு வாங்கி வரும் ஒரு பாணன் வழியில் பசியோடு வரும் இன்னொரு பாணனைப் பார்க்கிறான். தன் வீட்டில் உப்புக்கூட இல்லாமல் கீரை வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்க்காமல் கதவை அடைத்துத் தின்ற கஷ்டத்தைச் சொல்கிறான். அப்புறம் நல்லியக்கோடனிடம் போ, இந்த வழியாகப் போ என்று கடற்கரைப் பட்டினத்திலிருந்து ஊர் ஊராக அடையாளம் சொல்கிறான். இருவருக்கும் ஒரே தொழில், கையில் ஒரே சிறிய யாழ். போட்டியாளன் என்று நினைத்திருந்தால் வழியை மறைத்திருக்கலாம். அவன் மறைக்கவில்லை.

அடுத்தது சென்னையின் வடக்குப் பகுதியில் இருக்கிற மணலி. அந்த ஊர் முத்துகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷாக இருந்தவர், பெரிய சங்கீத ரசிகர். அவர் அழைத்து ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மணலிக்கு வந்தார். முதலியார் வீட்டாரோடு தீட்சிதர் பிள்ளைகளும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியம் கேட்டார்கள். இளைய பிள்ளை பாலுசாமிக்கு அதில் இருந்த பிடில் மேல் ஆசை வந்தது. முதலியார் வீட்டார் ஒரு ஐரோப்பியரை வாத்தியாராக அமர்த்தி அவருக்குப் பிடில் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். இன்றைக்குப் பிடில் இல்லாமல் ஒரு கர்நாடகக் கச்சேரி உண்டா? அந்த வாத்தியம் நம்ம சங்கீதத்துக்குள் வந்த வழிகளில் முக்கியமான வழி இது.

மூத்தவர் முத்துசாமி தீட்சிதர் (1775–1835) இன்னொன்று செய்தார். பேண்டில் கேட்ட இங்கிலீஷ், ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். இங்கிலாந்து ராஜகீதத்தின் மெட்டுக்கும் ஒரு பாட்டு உண்டு. நொட்டுஸ்வரம் என்று பெயர். சுமார் 40 பாட்டு கிடைத்திருக்கிறது, எல்லாம் சங்கராபரணம். சின்னப் பிள்ளைகள் வாயில் சுலபமாக நிற்கும் என்பதால் பாட்டு வாத்தியார்கள் இன்றும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த பேண்டுக்காரர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அவர்கள் வாசித்த மெட்டு மட்டும் 200 வருஷம் கழித்தும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் வாயில் இருக்கு.

இதற்கு நேர் எதிரான கதை காஞ்சிபுரத்தில் இருக்கு. 2019 வரைக்கும் நமக்கும் அதுக்கும் ஒரே மாவட்டம். அங்கே உபநிஷத் பிரம்மேந்திரர் என்று ஒரு துறவி இருந்தார். 108 உபநிஷத்துக்கு உரை எழுதிய படிப்பாளி, பாட்டும் கட்டுவார். முத்துசாமி தீட்சிதர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தபோது இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. துறவி எழுதிய ராம அஷ்டபதிக்கு தீட்சிதர் மெட்டுப் போட்டதாகச் சொல்கிறார்கள். ஒருத்தர் எழுத்து, ஒருத்தர் இசை, இரண்டு பேரும் மகா பெரியவர்கள். ஆனால் அந்த மெட்டு இன்றைக்கு இல்லை. எழுத்து மிச்சம், இசை போச்சு.

இதுதான் என் மனசில் தைக்கிற விஷயம். கோட்டை பேண்டு மெட்டு பிழைத்தது, தீட்சிதரே போட்ட மெட்டு பிழைக்கவில்லை. எவனும் திருடி அது காணாமல் போகவில்லை. மூன்றாவது ஆள் ஒருத்தர் கற்று நாலாவது ஆளுக்குக் கொடுத்தால்தான் பாட்டு நிற்கும். விதைநெல் மாதிரி. பத்திரமா இருக்கட்டும்னு வருஷக்கணக்கில் குதிருக்குள்ளயே வச்சா முளைப்புத் திறன் போயிடும். விதைச்சு, அறுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் ரெண்டு மரக்கால் கொடுத்தாதான் அந்த ரகம் ஊர்ல நிற்கும். நம்ம காட்டுல அழிஞ்சாலும் அவர் காட்டுல இருக்கும்.

தீட்சிதர் பாட்டுகள் தப்பித்ததும் அப்படித்தான். பாலுசாமி பிறகு எட்டயபுரம் அரண்மனை வித்வான் ஆனார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர், அவரையே தத்தும் எடுத்துக்கொண்டார். குடும்பச் சொத்தாக அத்தனை பாட்டும் இவரிடம் இருந்தது. சென்னையில் அரசாங்க வேலையில் இருந்த சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர், நம்ம பாட்டுகளை மேல்நாட்டு இசைக் குறியீட்டில் எழுதி, கைக்காசைப் போட்டு அச்சிட ஆரம்பித்தார். சுப்பராம தீட்சிதர் அவருக்குப் பாடிக் காட்டினார், அவர் கேட்டு எழுதினார். வேற மதம், வேற வேலை, வேற படிப்பு. பாட்டு மட்டும்தான் உறவு. பிறகு முதலியார் எட்டயபுரம் ராஜாவிடமும் வற்புறுத்திச் சொல்ல, 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. அதில் முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகள் மட்டும் 229. பாட்டோடு கட்டியவர் பெயரும் சேர்ந்து நின்றது. வீட்டுச் சொத்து என்று அவர் பூட்டி வைத்திருந்தால் இன்று எத்தனை மிஞ்சியிருக்கும்?

நம்ம பக்கம் பாருங்க. ஏத்தம் இறைச்ச காலத்துல மேலே ஒருத்தர் ஏத்த மரத்துல நடப்பார், கீழே ஒருத்தர் சாலைப் பிடிச்சுக் கவிழ்ப்பார். எத்தனை சால் ஆச்சுங்கிற கணக்கே பாட்டுதான். எண் ஓடிக்கிட்டே இருக்கும், நடுநடுவே சாமி கதை, ஊர் வம்பு, மழை இல்லாத கவலைன்னு பாடறவர் அப்பப்ப சொந்தமா சேர்ப்பார். அதுவும் சொந்தப் பாட்டுதானே? மோட்டார் வந்தது, முதுகு தப்பிச்சுது. மறுபடி ஏத்தம் மிதிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வேலை போனதும் பாட்டைக் கத்துக்க ஆள் வரல. கட்டினவர் பேரும் இல்லை, பாட்டும் இல்லை. இப்ப நடவு மெஷின் வந்திருக்கு. நடவுப் பாட்டும் அதே வரிசையில நிக்குது.

அதனால அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். பாடுப்பா. பாடறதுக்கு முன்னாடி இது யார் கட்டினதுன்னு பேரைச் சொல்லு. தேதியோட போன்ல பதிவு பண்ணி வை. எடுத்துக்கிறவன் எடுத்துக்கிட்டாலும் உன் பேருக்கு அது சாட்சி. அப்புறம் கூட்டத்துல ஒருத்தருக்காவது முழுசா கத்துக்கொடு. அவங்க பாட்டு ஒண்ணை நீயும் முழுசா கத்துக்க.

நவரை நடவுக்கு எங்க காட்டுல இந்த வருஷமும் கை நடவுதான். பாடற அம்மாங்க ரெண்டு பேர் வருவாங்க. கிதாரோட வர்ற பசங்க வரலாம், சேத்துல இறங்கி ஒரு முடி நாற்று நட்டுட்டு உட்கார்ந்து கேட்கலாம். அந்த அம்மாங்க சம்மதிச்சா அவங்க பேரோட பதிவு பண்ணுங்க. மதியம் கூழும் கருவாட்டுக் குழம்பும் நம்ம வீட்ல.