கேட்டு வாங்குவதா, சொன்ன விலைக்கு வாங்குவதா? ஏலத்தின் இந்திய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இணைய ஏலத் தளங்களில் ஒரு பொருளின் படத்துக்குக் கீழே பெரும்பாலும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று, ஏலம் கேட்க. மற்றொன்று, குறித்திருக்கும் விலையைக் கொடுத்து உடனே வாங்கிக்கொள்ள. இவ்விரண்டும் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் கலிபோர்னியாவில் தொடங்கிய தளத்தில், பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்ற அத்தளத்தில், முதலில் ஏலம் மட்டுமே இருந்தது. அங்கு முதன்முதலில் விலைபோனது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டி. அதற்குக் கிடைத்த விலை 14.83 டாலர். குறித்த விலைக்கு உடனே வாங்கும் வசதி 2000ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் மும்பையில் பாஜீ.காம் என்ற ஏலத் தளம் தொடங்கியது. 2004இல் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்திய வாங்குநரின் முன்னும் அவ்விரு பொத்தான்களும் வந்து நின்றன.

ஆனால் இந்தத் தெரிவு இணையத்தோடு பிறந்ததன்று. ஒரு பொருளின் விலையைக் கூட்டத்தின் போட்டிக்கு விடுவதா, ஒருவர் அறுதியிட்டுச் சொல்வதா என்ற வினா இந்திய வரலாற்றில் நிலவரி, அபினி, பருத்தி, அலைக்கற்றை எனப் பல உருவங்களில் எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டியவை இரண்டு: விலையை முன்கூட்டி அறிந்தவர் யார், கணிப்பு தவறினால் இழப்பைச் சுமப்பவர் யார்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழின் 'ஏலம்', மலையாளத்தின் 'லேலம்', தெலுங்கின் 'வேலம்', மராத்தியின் 'லிலாவ்', இந்தியின் 'நீலாம்' ஆகிய அனைத்தும் 'லெய்லாவ்' என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தவை. அதுவோ 'அறிவிப்பு' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து ஐபீரியத் தீபகற்பத்துக்குச் சென்றது. லகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது தமிழின் மரபு. எனவே மலையாளம் காத்துக்கொண்ட லகரம் தமிழில் இல்லை. மணப்பொருளான 'ஏலம்' வேறு வேரிலிருந்து வந்த சொல். ஆயினும் போடிநாயக்கனூரில் இன்று மின்னணு முறையில் ஏலம் ஏலம் போகும்போது இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

ஒரே சொல் இத்தனை மொழிகளில் பரவியதற்குக் காரணம் ஒரே துறைமுக வணிகம். 1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், அந்நகரின் பெருவீதியில் காலைதோறும் நடந்த ஏலத்தைத் தம் பயண நூலில் விவரித்துள்ளார். துணிமணிகளும் நகைகளும் மட்டுமல்ல, அடிமைகளும் அங்கே விற்கப்பட்டனர். பலரறியக் கூவி விற்பது விற்பனையை வெளிப்படையாக்கியது; விற்கப்பட்டவருக்கு அந்த வெளிப்படைத்தன்மையால் நன்மை ஏதும் விளையவில்லை.

ஏலத்தை ஆட்சிமுறையாகவே மாற்றியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை அதன் கைக்கு வந்தபோது, எந்த நிலம் எவ்வளவு வரி தரும் என்பது கம்பெனி அதிகாரிகளுக்குத் தெரியாது. 1770இல் பெரும் பஞ்சம் வந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மாண்டிருப்பர் என்று வாரன் ஹேஸ்டிங்ஸே மதிப்பிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1772இல், நிலவரி வசூலிக்கும் உரிமையை ஐந்தாண்டுக் குத்தகையாக ஏலத்தில் விட அவருடைய நிர்வாகம் முடிவு செய்தது. அதிகாரிக்குத் தெரியாத விலையை ஏலம் வெளிக்கொணரும் என்பது எதிர்பார்ப்பு. கோட்பாட்டளவில் அதில் பிழையில்லை.

நடந்தது வேறு. நிலத்தோடு தொடர்பற்ற பலர், நிலம் தாங்கக்கூடியதைவிட அதிகமாகக் கேட்டு உரிமையை எடுத்தனர். ஒப்புக்கொண்ட தொகையைக் கட்ட முடியாமல் பலர் நிலுவை வைத்தனர்; கட்ட முயன்றவர்கள் பஞ்சத்தில் எஞ்சிய உழவர்களைப் பிழிந்தனர். 1777இல் அம்முறை கைவிடப்பட்டது.

இதற்கு இன்று ஒரு பெயர் உண்டு: வென்றவர் சாபம். ஒரு பொருளின் உண்மை மதிப்பு எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் எவருக்கும் அது திட்டமாகத் தெரியாது என்ற நிலையில், மதிப்பை எவர் மிகக் கூடுதலாகக் கணித்தாரோ அவரே ஏலத்தில் வெல்வார். வெற்றியே அவர் கணிப்புப் பிழைபட்டதற்கான அறிகுறியாகிவிடும். அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளின் ஏலத்தை ஆராய்ந்த கேபன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் 1971இல் இதனை எழுதினர். வங்காளத்தில் இது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. எண்ணெய் நிறுவனம் தன் பிழைக்குத் தன் பணத்தை இழந்தது. வங்காளத்தில் குத்தகைதாரரின் பிழை உழவரின் களத்துமேட்டுக்கு இறங்கியது.

கம்பெனி அடுத்து எதிர்முனைக்குச் சென்றது. 1793இல் காரன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம், ஜமீன்தார்கள் செலுத்த வேண்டிய தொகையை என்றென்றைக்குமாக அறுதியிட்டது. இது நிர்ணய விலையின் ஆட்சிபோலத் தோன்றும். ஆனால் குறித்த நாளில் கதிரவன் மறைவதற்குள் தொகை செலுத்தப்படாவிட்டால் ஜமீன் ஏலத்துக்கு வரும். முதல் சில பத்தாண்டுகளில் ஏராளமான ஜமீன்கள் அவ்வாறே கைமாறின. 1802இல் இத்திட்டம் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டபோது, சேலம், செங்கல்பட்டு போன்ற பகுதிகளில் நிலங்கள் 'மிட்டா'க்களாகப் பிரிக்கப்பட்டு, அந்த மிட்டாக்களே ஏலத்தில் விற்கப்பட்டன. அவற்றை எடுத்த பலர் நிலுவையில் வீழ்ந்தனர். அதன்பின்னரே தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைந்த ரயத்துவாரி முறை நிலைபெற்றது.

கம்பெனி இவ்விரு முறைகளையும் மாற்றி மாற்றிக் கையாண்டது மட்டுமன்றி, ஒரே பொருளில் ஒருசேரவும் கையாண்டது. பீகாரிலும் காசி வட்டாரத்திலும் அபினி பயிரிட்ட உழவர்கள் முன்பணம் பெற்று, விளைந்ததைக் கம்பெனியின் முகமைக்கே, அது குறித்த விலைக்கே தர வேண்டும். அதே அபினி கல்கத்தாவில் வணிகர்களிடையே ஏலம் விடப்பட்டது. வாங்கும்போது நிர்ணய விலை, விற்கும்போது ஏலம். எந்த முறை சிறந்தது என்று பொதுவாகக் கேட்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரே தரப்பிடம் இருக்கும்போது, இரு முறைகளின் ஆதாயமும் அத்தரப்புக்கே சேர்கிறது.

ஏலமே வலுவற்றவருக்குத் துணைநின்ற தருணங்களும் உண்டு. வணிகரும் தரகரும் துணிக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் இந்தியச் சந்தைகள் பலவற்றில் இருந்தது. தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் துண்டு போட்டு விலை பேசுவதை இன்றும் காணலாம். சுற்றி நிற்பவர் எவருக்கும் அந்த விலை தெரியாது. விளைபொருளைக் கொண்டுவந்த உழவருக்கும் பலவேளைகளில் தெரியாது. பேராரில் 1897இல் இயற்றப்பட்ட பருத்தி, தானியச் சந்தைச் சட்டமும், 1928இல் அறிக்கை அளித்த வேளாண்மைக்கான அரச ஆணையத்தின் பரிந்துரைகளும், 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டமும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வழிவகுத்தன. அங்கே வெளிப்படையான ஏலம் உழவருக்கு ஒரு பாதுகாப்பு: தம் பொருளுக்கு வேறொருவர் என்ன விலை தருவார் என்பது அவர் காதில் விழும். 2016 ஏப்ரல் 14இல் தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தை இதே நோக்கத்தின் இணைய வடிவம். மறுபுறம், குறைந்தபட்ச ஆதரவு விலைக்கான கோரிக்கை நிர்ணய விலைக்கான கோரிக்கை. உழவர் இரண்டையும் கேட்பதில் முரண் இல்லை. போட்டி இருக்கும்போது ஏலமும், அது இல்லாதபோது விலை விழாதிருக்க ஓர் அடித்தளமும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

அலைக்கற்றை விவகாரத்தில் இதே வினா நீதிமன்றம் வரை சென்றது. 2008 ஜனவரியில், 2001ஆம் ஆண்டு விலையிலேயே, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற அடிப்படையில் இரண்டாம் தலைமுறை உரிமங்கள் வழங்கப்பட்டன. 2010இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை இணையவழி ஏலத்தில் 67,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. 2012 பிப்ரவரி 2இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 27இல், குடியரசுத் தலைவரின் வினாவுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் ஒன்றே அரசியலமைப்பு ஏற்கும் வழி என்று கொள்ள முடியாது எனத் தெளிவுபடுத்தியது. இரண்டாவது கருத்து பொது விவாதத்தில் முதலாவதன் அளவுக்குப் பேசப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஏலத்துக்கு எதிர்பார்த்த அளவு ஆர்வமும் எழவில்லை. ஏலத்திலும் தொடக்க விலையை ஒருவர் நிர்ணயித்தாக வேண்டும். அந்த விலை பிழைபட்டால் போட்டி தோன்றுவதில்லை.

இப்பின்னணியில் அந்த இரண்டு பொத்தான்களுக்குத் திரும்பலாம். கடைசி நொடியில் ஏலம் கேட்கும் தந்திரத்தை இணையத்தின் கண்டுபிடிப்பாகக் கருதுவோர் உண்டு. 1662இல் லண்டனில் மெழுகுவத்தி அணையும்வரை நடந்த கப்பல் ஏலம் ஒன்றைப் பற்றி சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். சுடர் அணையும் கணத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்பதை அறிந்திருந்த ஒருவர், அதைப் பார்த்தே கடைசியாகக் கேட்டு வென்றாராம். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதே நடத்தையை இணையத்தில் அளந்தது. முடிவுநேரம் மாறாத ஈபேயில் கடைசி நேரக் கேட்புகள் மிகுதி; கடைசியில் எவரேனும் கேட்டால் நேரம் நீண்ட அமேசான் ஏலத்தில் அவை குறைவு. அவசரத்தைத் தூண்டுவதில் ஏல விதிக்கே பெரும்பங்கு உண்டு.

நமது தெரிவுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு உல்ரிக் மால்மெண்டியர், யங் ஹான் லீ இருவரும் 2011இல் வெளியிட்டது. ஒரு பலகை விளையாட்டு ஈபேயில் ஏலத்துக்கும் இருந்தது. அதே தளத்தில் அதே நேரத்தில் குறித்த விலைக்கும் கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்த ஏலங்களில் 42 விழுக்காட்டில், ஏலத்தில் வென்றவர் கொடுத்தது அந்தக் குறித்த விலையைவிட அதிகம். குறித்த விலை கண்ணெதிரே இருந்தும் போட்டியில் பலர் அதை மறந்தனர், அல்லது பார்க்கவே இல்லை.

இதிலிருந்து ஏலமே வீண் என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. 1961இல் வில்லியம் விக்ரி காட்டியபடி, வென்றவர் இரண்டாவது உயர்ந்த கேட்புக்குரிய விலையை மட்டும் கொடுத்தால் போதும் என்ற விதி இருக்குமானால், பொருள் தமக்கு எவ்வளவு பெறும் என்பதை உள்ளபடியே ஒருமுறை கேட்டுவிட்டு ஒதுங்குவதே அறிவுடைமை. ஈபேயின் தானியங்கிக் கேட்பு முறை இதற்கு நெருக்கமானது. உச்சத்தொகையை முதலிலேயே எழுதிவைத்து, அதைத் தாண்டாதவருக்கு ஏலம் தீங்கு செய்வதில்லை. சந்தையில் ஒத்த பொருள் இல்லாத பழைய நாணயம், அஞ்சல்தலை, கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு அதுவே விலையறியும் நல்ல வழி. பொதியின் மீதே அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டுள்ள புதுப் பொருளுக்கோ, ஏலம் கண்டுபிடித்துத் தர வேண்டிய தகவல் மிகக் குறைவு. உலகளவிலும் 2000களின் இறுதிக்குள் ஈபேயில் நிர்ணய விலை விற்பனை ஏலத்தை முந்தத் தொடங்கியது. இந்தியாவில் 2017இல் ஈபேயின் உள்நாட்டு வணிகம் பிளிப்கார்ட்டிடம் சென்றது. 2018இல் அத்தளம் மூடப்பட்டது.

வீட்டிலிருந்து ஏலம் கேட்பவர் அளவுமீறிக் கேட்டால் இழப்பது தம் பணத்தை; அடுத்த முறை அவர் திருத்திக்கொள்ளலாம். 1772இல் அளவுமீறிக் கேட்டவர்களின் பிழைக்கு விலை கொடுத்தவர்கள் அந்த ஏலத்தில் கலந்துகொள்ளவே இல்லை. ஓர் அரசு நிலத்தையோ கனிமத்தையோ அலைக்கற்றையையோ ஏலம் விடும்போதும், நிர்ணய விலைக்கு ஒப்படைக்கும்போதும், எந்த முறை அதிகம் ஈட்டும் என்ற கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது இதுவே: கணிப்பு பிழைத்தால் அந்தத் தொகை யாரிடமிருந்து வசூலாகும்?