பட்டினி கிடந்த பேட்டரி

கால்கரியில் குளிர்காலம் வந்தால் எங்கள் கேம்பர் வண்டிக்கு வனவாசம். அக்டோபரில் ஊருக்கு வெளியே ஒரு நிறுத்துமிடத்தில் விட்டால், மே மாதம்தான் மறுபடி அதன் முகத்தில் முழிப்போம். முதல் வருஷம் தண்ணீர்க் குழாய்களைக் காலி செய்தேன், ஜன்னல்களை மூடினேன். பேட்டரியைத் தொடவில்லை.

வரதய்யபாளையத்திலிருந்து சித்தப்பா போனில் கேட்டார்: "பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போட்டியாடா?"

"அது உங்க டிராக்டர் பேட்டரி இல்ல சித்தப்பா, மெயின்டனன்ஸ் ஃப்ரீ!" இஞ்சினியர் இல்லையா, அந்த கெத்து :-)

மே மாதம் திறந்தால் பேட்டரி வயிறு உப்பி, பக்கவாட்டில் விரிசல் விட்டுக் கிடக்கிறது. கசிந்த அமிலம் அடித்தட்டை அரித்துவிட்டது. பையன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பான்ஃப் பயணம் அம்பேல். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன். 1859-ல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி, கந்தக அமிலத்தில் வைத்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அது. 1881-ல் கமில் ஃபோர் தகடுகள்மேல் ஈயப் பசையைப் பூசி, அதன் கொள்ளளவைக் கூட்டினார். மறு வருஷமே கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் உள்ளே நடப்பதை விளக்கினார்கள். சார்ஜ் இறங்கும்போது அமிலத்தில் இருக்கும் சல்ஃபேட், இரண்டு தகடுகளிலும் போய் ஈய சல்ஃபேட்டாகப் படிகிறது. அமிலம் நீர்த்துக்கொண்டே வருகிறது.

என் பேட்டரி செத்த கதை முழுக்க இதற்குள் இருக்கிறது. முழு சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலம் உறைய சுமார் மைனஸ் 60 டிகிரியாவது வேண்டும். கால்கரி அவ்வளவு மோசமில்லை. காலியான பேட்டரியிலோ இருப்பது பெரும்பாலும் தண்ணீர், மைனஸ் 10-க்கு முன்பே உறையத் தொடங்கும். பனிக்கட்டி விரிந்து டப்பாவை உடைக்கும். உறையாமல் தப்பினாலும், தகட்டில் படிந்த சல்ஃபேட் நாளாக நாளாகப் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது.

சரி, காலி செய்தது யார்? வண்டியில் கேஸ் கசிவைக் காட்டும் கருவியும் ரேடியோ கடிகாரமும் நாள் முழுக்க விழித்திருக்கும். இரண்டும் சேர்ந்து 0.1 ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி. 80 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 33 நாளில் காலி. அதாவது நவம்பர் பாதியிலேயே அது பட்டினி. ஜனவரிக் குளிர் வந்தபோது அடிவயிற்றில் ஒன்றுமில்லை.

அப்போது "மெயின்டனன்ஸ் ஃப்ரீ" என்றால்? பழைய பேட்டரிகளில் ஈயத் தகட்டின் சட்டத்துக்கு வலு சேர்க்க ஆன்டிமனி கலப்பார்கள். அதனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், சார்ஜும் தானே இறங்கும். 1930-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்து பார்த்தது. 1970-களில் அது கார் பேட்டரிகளுக்கு வந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதே அந்தப் பெயரின் பொருள். சார்ஜ் போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்!

எங்கள் ஊர்ப்பக்கம் பேட்டரிக்குப் புதிதல்ல. 1985-ல் அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய ராமச்சந்திர நாயுடு கல்லா தொடங்கிய அமரராஜா, திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே கரகம்பாடியில் வளர்ந்தது. 2000-த்தில் அமரான் என்ற பெயரில் கார் பேட்டரி விற்க ஆரம்பித்தார்கள். அன்று சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து எங்கள் ஊரோடு சேர்த்துத் திருப்பதி மாவட்டம்.

சித்தப்பாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அறுவடை முடிந்து டிராக்டர் ஷெட்டில் நின்றால் பேட்டரியைக் கழற்றி, மாதம் ஒருமுறை காளஹஸ்தியில் சார்ஜ் போட்டு வாங்கி வருவார். வெயிலில் பேட்டரி தானே இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. சித்தப்பாவின் ஷெட்டைவிட கால்கரிக் குளிர் பேட்டரிக்கு நல்லது, வயிறு நிறைந்திருந்தால்.

இப்போது நான் செய்வது இதுதான். அக்டோபரில் முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு, கழற்றி வீட்டு கராஜுக்குக் கொண்டுவருகிறேன். முழுக்க சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. மாதம் ஒருமுறை பார்த்து, 12.4-க்கு இறங்கினால் மறுபடி ஏற்றுகிறேன். உறைந்த பேட்டரிக்கு ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள், வெடிக்கலாம். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு கணக்கு வேறு: பாதி சார்ஜில் வைத்தால் போதும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது.

இந்த அக்டோபரில் நானே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "கழட்டிட்டேன் சித்தப்பா."

"ஃபுல் சார்ஜா?"

"ஃபுல்."

"அது போதும்டா. பட்டினி மட்டும் போட்டுடாத" என்றார். பையன் பக்கத்தில் மல்டிமீட்டரோடு நின்று, 12.7 என்று கத்தினான். அவருக்கும் கேட்டிருக்கும்.